முசுறு நெய்யும் வீடு

‘அந்நம்ல்’ (எறும்பு) என்ற குர்ஆனின் 27ஆவது சூறாவால் எறும்பு நமக்கு ஓதலில் அறிமுகம். மாமரத்து முசுறோ கடியால் அறிமுகம். கல்முனை வளவுகளில் மாங்காய் பறிக்க ஏறுபவரைக் கடித்து, கடிவாயில் அமிலத்தையும் பீச்சும் இந்தச் செந்நிற எறும்பை அறிவியல் ‘ஈகோபில்லா ஸ்மரக்டினா’ என்கிறது. பூச்சிகளை அறியப் புத்தகம் போதுமா, மரத்தடி போதுமா என்று கேட்பவர்களுக்கு இதன் கூடே பதில் சொல்லும்.

கூடு கட்டும்போது வேலைக்கார முசுறுகள் வரிசையாக நின்று இலை விளிம்பைக் கவ்வி இழுக்கும். இடைவெளி கூடினால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகும். விளிம்புகள் நெருங்கியதும் வேறு சில முசுறுகள் தங்கள் புழுக்களை வாயில் தூக்கிவரும். வளர்ந்த எறும்பிடம் பட்டு இல்லை. புழுவின் வாயில் சுரப்பதே நூல். மருதமுனைத் தறியில் நாடா ஓடுவதுபோலப் புழு விளிம்புக்கு விளிம்பு போய்வர, இலைகள் ஒட்டிக்கொள்ளும். பட்டையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிடும் புழு, தனக்கென்று உறை கட்டாமலே எறும்பாக மாறுகிறது. செத்த எறும்பை மட்டும் அறுத்துப் பார்த்தவருக்கு இது பிடிபட்டிருக்காது. ஆய்வாளர்களான ரிட்லி 1890இல் சிங்கப்பூரிலும், ஈ. ஈ. கிரீன் 1896இல் இலங்கையிலும் எழுதியவை உயிருள்ள கூடுகளைப் பார்த்துக் கிடைத்த செய்திகள். 1905இல் ஜேர்மானியரான டொஃப்லைனும் இலங்கையில் கண்டதை விரிவாக எழுதினார்.

அப்படியானால் கண்ணே போதுமே, புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். முசுறின் நிறத்தையும் ஒடுங்கிய இடுப்பையும் கொண்ட குதிக்கும் சிலந்தி ஒன்று இலங்கையில் உண்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்புகள்போலத் தூக்கி நடக்கும். கால்களை எண்ண வேண்டும் என்று படித்திராதவர் அதையும் முசுறென்றே கணக்கில் சேர்ப்பார். கடிக்கும் பூச்சியை அறிந்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. கி.பி. 304இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் சீன நூலொன்று, தோடை மரங்களைக் காக்க எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றதைச் சொல்கிறது. வட அவுஸ்திரேலிய மரமுந்திரிகைத் தோட்டங்களில் நடந்த ஆய்வுகளும் முசுறு குடியிருந்த மரங்களில் பூச்சிச் சேதம் குறைந்ததைக் காட்டின. ஆனால் இனிப்பான கழிவுக்காக, சாறுறிஞ்சும் மாவுப்பூச்சிகளையும் இதே முசுறு காக்கும். ஆகவே முசுறு நன்மையா தீமையா என்பதற்கு எல்லா மரத்துக்கும் பொதுவான விடை கிடையாது. எதைத் தேட வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லும். கூட்டைக் கொளுத்துவதா விடுவதா என்பதை அந்தந்த மரத்தின் இலையையும் காயையும் பார்த்தவரே தீர்மானிக்க முடியும்.