தராசு கொடுத்த அரசு, குத்தகைக்காரரையும் பார்க்கட்டும்

ஒரு ஏக்கரில் கத்திரியும் வெண்டையும் போடும் குடும்பத்துக்கு விளைவிப்பதைவிட விற்பதுதான் பெரும்பாடு. கமிஷன் மண்டியில் மூட்டையை இறக்கினால் கமிஷன், இறக்குக் கூலி, கழிவு எல்லாம் பிடித்ததுபோக மிஞ்சுவதுதான் கைக்கு வரும். விலை கட்டுப்படியாகவில்லை என்று காயைத் திருப்பி எடுத்துப்போகவும் வழியில்லை; மறுநாள் வதங்கிவிடும்.

இந்த இக்கட்டுக்கு விடையாகத்தான் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திரத்தின் ரைத்து பஜாரும் இதற்கு முன்னோடிகள். கடைக்கு வாடகை கிடையாது. மின்னணுத் தராசை அரசே தருகிறது. அன்றாட விலையை அலுவலர்கள் காலையிலேயே பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளியே விற்கும் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. நடுவில் கரைந்த பணம் விளைவித்தவருக்கும் வாங்குபவருக்கும் பங்காகிறது. வீட்டுப் பெண்களே உட்கார்ந்து விற்று, அன்றைக்கே ரொக்கத்தோடு ஊர் திரும்பலாம். மானியத் தொகைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். ஒரு சரியான தராசும் விற்க ஓர் இடமும் சிறு விவசாயிக்கு அதற்குக் குறையாத உதவி என்பேன்.

2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் இந்தச் சந்தைகள் கவனிப்பாரின்றிக் களையிழந்தன. 2006-க்குப் பிறகுதான் மீண்டும் உயிர்பெற்றன. ஆட்சியோடு சேர்ந்து திட்டமும் மாறினால் அடிபடுவது விவசாயக் குடும்பம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் குத்தகை. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பிரதமரின் கிசான் திட்டம் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறது. உழுபவர் யார் என்று பார்ப்பதில்லை. பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கு அதில் இடமில்லை. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாய்மொழிக் குத்தகையே பரவலாக நடக்கிறது. எழுதிக் கொடுத்தால் நிலத்தை மீட்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் உடைமையாளருக்கு. கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதே என்ற பயம் சாகுபடி செய்பவருக்கு.

உழவர் சந்தை அடையாள அட்டைக்கு அலுவலர் வயலுக்கே வந்து என்ன பயிர் நிற்கிறது என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அதே பார்வையில் பயிரிட்டவர் யார் என்பதையும் குறித்து, அந்தக் குறிப்பையே மற்ற உதவிகளுக்கும் சான்றாக அரசு ஏற்க வேண்டும்.