பாலத்தில் போகும் பஸ் விண்ணிலிருந்து தெரியுமா?

குட்டீஸ்! வீட்டில் புது செல்போன் வாங்கினால் முதலில் என்ன கேட்பீர்கள்? "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" என்றுதானே! மெகாபிக்சல் கூடக்கூடப் படமும் நன்றாக இருக்கும் என்பது நம் கணக்கு. அது சரியா? வாருங்கள், திருநெல்வேலிக்குப் போய்ப் பார்ப்போம்.

தாமிரபரணியின் மேல் 1843-இல் கட்டப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தில் ஒரு பஸ் போகிறது. அதை விண்ணிலிருந்து படம் பிடிக்க முடியுமா?

டிஜிட்டல் படம் முழுக்கப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிதான் பிக்சல். பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். இந்தியா 1988-இல் அனுப்பிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் கூர்மையான கேமராவில், ஒரு புள்ளி தரையில் சுமார் 36 மீட்டர் அகலத்தைக் காட்டியது. நம் பஸ்சின் நீளமோ சுமார் 10 மீட்டர். ஒரே புள்ளிக்குள் பஸ் ஒளிந்துவிடும்!

2019 நவம்பர் 27-இல் கார்டோசாட்-3 பறந்தது. சுமார் 500 கி.மீ. உயரத்திலிருந்து அது பிடிக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில், ஒரு புள்ளி காட்டுவது 25 செ.மீ. மட்டுமே. அதே பஸ் இப்போது நீளத்தில் 40, அகலத்தில் 10 என 400 புள்ளிகளாகத் தெரியும். அதைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் இருப்பது விகாஸ் என்ஜின். இந்த வகை என்ஜின்களைச் சோதிக்கும் இடம் எது தெரியுமா? நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரிதான்!

இந்தக் கூர்மைக்குப் புள்ளிகள் மட்டும் காரணமல்ல. கார்டோசாட்-3-இல் 1.2 மீட்டர் அகலக் கண்ணாடி உள்ள தொலைநோக்கி இருக்கிறது. அது நிறைய ஒளியைத் திரட்டித் தருகிறது.

செல்போனில் அதற்கு இடம் ஏது? மொட்டை மாடியில் மழைநீர் பிடிக்கச் சின்னச் சின்ன மூடிகளை வைத்தால், ஒவ்வொன்றிலும் சில துளிகள்தானே விழும்? குட்டிப் புள்ளிகளுக்கும் அப்படித்தான், ஒளி குறைவாகவே கிடைக்கும். அதனால் 200 மெகாபிக்சல் போன்கள் பல நேரங்களில் 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படமாகவே தருகின்றன!

இன்னொரு சங்கதி. 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணியில் பெருவெள்ளம். எந்த ஊரைத் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே படகு அனுப்ப முடியும்? ஆனால் வானம் முழுக்க மேகம்! எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் கேமராவால் மேகத்தைத் தாண்டிப் பார்க்க முடியாது. இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பவை ரேடார் செயற்கைக்கோள்கள். 2022-இல் இந்தியா அனுப்பிய இ.ஓ.எஸ்.-04 அந்த வகைதான். ரேடாரின் ரேடியோ அலைகள் மேகத்தை ஊடுருவிச் செல்லும். தேங்கிய நீர் அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும். கார்டோசாட்-3 அளவுக்கு நுணுக்கம் இல்லாவிட்டாலும், உயிர் காக்க அது போதும்.

அப்படியானால் மெகாபிக்சல் இனி வளராதா? வளரும்! சிலி நாட்டின் ரூபின் வானாய்வகத்தில் கார் அளவுக்கு ஒரு கேமரா இருக்கிறது. அது 3,200 மெகாபிக்சல்! அதன் முதல் படங்கள் 2025-இல் வெளியாயின. அதற்குத் துணையாக 8.4 மீட்டர் கண்ணாடியும் உண்டு. புள்ளிகள் பெருகினால் ஒளியும் பெருக வேண்டும், பார்த்தீர்களா!

இனி யாராவது புது போனைக் காட்டினால், "எத்தனை மெகாபிக்சல்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "லென்ஸ் எப்படி? இருட்டில் படம் எப்படி வரும்?" என்றும் கேளுங்கள். என்ன, சரிதானே!