கோப்பைத் திறக்கும் செயலி எது?

நம் ஊராட்சி அலுவலகங்களில் பதிவேட்டு அலமாரிக்கு அருகே கணினியும் இடம்பெற்றுவிட்டது. கிராம சபைத் தீர்மானம், வரி நிலுவைப் பட்டியல், பயனாளிகளின் வங்கிக் கணக்கு விவரம் ஆகியன இன்று கணினிக் கோப்புகளாகவே வந்து சேருகின்றன. கோப்பின்மீது இருமுறை தட்டுகிறோம், அது திறந்துகொள்கிறது. எந்தச் செயலி அதனைத் திறந்தது என்று நாம் கேட்பதில்லை. ஆனால் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது. பொருந்தாத செயலியில் பட்டியலைத் திறந்து சேமித்துவிட்டால், ஒரு மூதாட்டியின் உதவித்தொகை அவருடைய கணக்கிற்குப் போய்ச் சேராமலே நின்றுவிடக்கூடும்.

கோப்பின் பெயருக்குக் கடைசியில் ஒரு புள்ளியும், அதன்பின் சில எழுத்துகளும் இருக்கும். இதனைப் பின்னொட்டு என்போம். விண்டோஸ் கணினி இன்ன பின்னொட்டுக்கு இன்ன செயலி என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. இருமுறை தட்டியவுடன் அக்குறிப்பைப் பார்த்தே செயலியை அழைக்கிறது. கோப்பினுள்ளே என்ன இருக்கிறதென்று அது ஆராய்வதில்லை. 1981இல் வெளிவந்த டாஸ் முறையில் பெயருக்கு 8 எழுத்தும் பின்னொட்டுக்கு 3 எழுத்துமே இடம் உண்டு. அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஆகவே பின்னொட்டு என்பது மூட்டையின்மேல் கட்டிய சீட்டைப் போன்றதே. சீட்டை மாற்றினால் உள்ளிருக்கும் நெல் கேழ்வரகாகிவிடாது. சிலர் கோப்பின் பெயரைத் திருத்திப் பின்னொட்டை மாற்றிவிட்டால் கோப்பும் மாறிவிடும் என்று கருதுகின்றனர். அவ்வாறு செய்தால் செயலி அதனைத் திறக்க மறுப்பதே பெரும்பாலும் நேரும்.

ஊராட்சி மன்றத்தார் மிகவும் கவனிக்க வேண்டியது சி.எஸ்.வி. என்னும் பின்னொட்டுடைய கோப்பாகும். இது வெறும் எழுத்துகளாலான பட்டியல். ஒரு பயனாளிக்கு ஒரு வரி; பெயர், கணக்கு எண், தொகை ஆகியவற்றின் இடையே காற்புள்ளி. எக்செல் நிறுவிய கணினியில் இதனை இருமுறை தட்டினால் பெரும்பாலும் எக்செல்லே திறக்கும். அதுவோ கணக்குப் போடுவதற்கென்று அமைந்த கருவி. இலக்கங்களைக் கண்டால் தொகையென்றே கொள்ளும். 00412 என்பது 412 ஆகிவிடும். தொகைக்கு முன் நிற்கும் சுழிக்கு மதிப்பேது? மேலும் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே அது காக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கமுடையது. அதன் கடைசி இலக்கம் எதுவாயினும் சுழியாக மாறிவிடும். நீண்ட எண் திரையில் சுருக்கக் குறியாகத் தோன்றுவதால் இம்மாற்றம் கண்ணில் படுவதும் அரிது. திறந்து பார்த்துச் சேமிக்காமல் மூடினால் கேடில்லை. சேமித்தால் பழைய எண் போயிற்று. புதிய பதிப்புகளில் இம்மாற்றத்தை நிறுத்தி வைக்க வசதி உண்டெனினும், எல்லா அலுவலகங்களிலும் புதிய பதிப்பை எதிர்பார்க்க இயலாது.

தமிழ்ப் பெயர்களும் இவ்வாறே பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதுண்டு. உடனே கோப்பு கெட்டுவிட்டதென்று அனுப்பியவரைக் குறை கூறுகிறோம். பெரும்பாலும் கெட்டது கோப்பன்று. அதனை வாசித்த முறையே.

இனிச் செய்ய வேண்டியதைக் கூறுவோம். கோப்பின்மீது மௌஸின் வலப் பொத்தானை அழுத்தினால் 'ஓப்பன் வித்' என்று ஒரு வரி தோன்றும். அதில் வேண்டிய செயலியைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 11இல் வேறு செயலியைத் தேடும்போது 'ஜஸ்ட் ஒன்ஸ்', 'ஆல்வேஸ்' என இரு பொத்தான்கள் வரும். முன்னது இந்த ஒரு முறைக்கு மட்டும். பின்னது அப்பின்னொட்டுடைய எல்லாக் கோப்புகளுக்கும் நிலையான ஏற்பாடு. அவசரத்தில் 'ஆல்வேஸ்' என்பதை அழுத்துவோரே மிகுதி. சி.எஸ்.வி. கோப்புகளுக்கு நோட்பேடை நிலையான செயலியாக வைப்பதே நம் கருத்து. அது உள்ளதை உள்ளவாறே காட்டும், எண்ணைத் தொடாது. திருத்த வேண்டுமாயின், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் செயலியில் திறக்கலாம். அது திறக்குமுன்பே நம்மைக் கேட்கும். அப்போது எழுத்து முறையை யூ.டி.எஃப்-8 என்றும், கணக்கு எண் நிற்கும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்றும் குறித்துவிட்டால் சுழியும் நிற்கும், தமிழும் விளங்கும். எக்செல்லிலேயே பழகியவர்கள் 'டேட்டா' பகுதியின் வழியாகக் கோப்பை வரவழைத்து, வகைகளைத் தானாக ஊகிக்க வேண்டாமென்று குறிக்கலாம். மறுநாள் அதே கோப்பை இருமுறை தட்டி எக்செல்லில் திறந்தால் பழைய தொல்லை மீண்டும் வரும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பி.டி.எஃப். கோப்புகளில் இத்தகைய அச்சமில்லை. பட்டா நகலைப் படிக்கவும் அச்சிடவும் எந்த வாசிப்புச் செயலியும் போதும்.

பின்னொட்டைப் பாராமல் செயலியைத் தேர்ந்தெடுக்க முடியாது. விண்டோஸோ, அறிந்த பின்னொட்டுகளை வழக்கமாக மறைத்தே வைக்கிறது. இம்மறைவு தீயோருக்கு உதவுகிறது. ரசீது.பி.டி.எஃப். என்று தோன்றும் கோப்பின் உண்மையான கடைசி எழுத்துகள் இ.எக்ஸ்.இ. என்றிருக்கலாம், அது படிக்கும் தாளன்று, தட்டியவுடன் இயங்கும் நிரல். கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் 'வியூ', பின் 'ஷோ', பின் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைக் குறியிட்டால் எல்லாப் பின்னொட்டுகளும் வெளிப்பட்டு நிற்கும். அலுவலகக் கணினியில் இன்றே இதனைச் செய்துவிடுமாறு செயலரிடம் உறுப்பினர்கள் கூறலாம்.