நாளைவிடப் பெரியது

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று கத்தோலிக்க, புரோட்டஸ்டன்ட், ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஒரே நாளில் ஈஸ்டர் பெருநாளைக் கொண்டாடின. அதற்கு முந்தைய ஆண்டிலோ மேலைத் திருச்சபைகளுக்கு அது மார்ச் 31. ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு மே 5. 1582-இல் போப் பதிமூன்றாம் கிரகோரி திருத்திய நாள்காட்டியை மேலைச் சபைகள் பின்பற்ற, கீழைச் சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டரைப் பழைய ஜூலியன் முறையில் கணிப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

ஆனால், ஈஸ்டர் நாள் குறித்த பூசல் இன்னும் பழைமையானது. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலிருந்த கிறிஸ்தவர்கள் யூதரின் நீசான் மாதம் 14-ஆம் நாளில், எந்தக் கிழமையானாலும், அதைக் கடைப்பிடித்தனர். ரோமாபுரியினரோ ஞாயிற்றுக்கிழமையையே ஏற்றனர்.

சிமிர்னா நகரின் ஆயர் போலிகார்ப் தமது முதுமையில் ரோமாபுரிக்குச் சென்று, அங்குள்ள ஆயர் அனிசீட்டஸுடன் இதுகுறித்துப் பேசினார். திருத்தூதர் யோவானோடு தாம் கடைப்பிடித்த வழக்கத்தைக் கைவிட போலிகார்ப் இசையவில்லை. தமக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விட அனிசீட்டஸும் இசையவில்லை. ஆயினும், தம் சபையில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் சிறப்பை அனிசீட்டஸ் தம் விருந்தினருக்கே அளித்தார். கருத்து வேறுபாடு தீராமலேயே இருவரும் அமைதியாக விடைபெற்றனர்.

ஏறத்தாழ 190-இல் ரோமாபுரி ஆயர் விக்டர் இதே காரணத்துக்காக ஆசியச் சபைகளை உறவிலிருந்து விலக்க முற்பட்டார். அவரைக் கண்டித்து எழுதியவர்களுள் ஒருவர் லியோன் நகர ஆயர் ஐரேனியஸ். இவர் ஞாயிற்றுக்கிழமையே சரியென்று கருதியவர். விக்டரின் கட்சியினர் என்றே சொல்லலாம். இருந்தும், நாள் வேறுபட்டதற்காகச் சகோதரரைத் தள்ளிவைப்பது தகாது என்றார்; போலிகார்ப்பும் அனிசீட்டஸும் பிரிந்த விதத்தை நினைவூட்டினார்.

வழக்கங்கள் அற்பமானவை என்று இவர்களில் எவரும் சொல்லவில்லை. முன்னோரின் நினைவையும் பக்தியையும் தாங்கி வருபவை அவை. ஆனால், கட்டளைகளுள் தலையாயது எது என்று கேட்கப்பட்டபோது இயேசு நாளையோ நோன்பையோ குறிப்பிடவில்லை; கடவுளை முழுமனத்தோடு நேசிப்பதையும், அதற்கு இணையாகப் பிறரை நேசிப்பதையுமே சொன்னார். நாள்களைச் சிறப்பாகக் கருதுபவர் ஆண்டவருக்காகவே அவ்வாறு செய்கிறார் என்பதால், அவரைத் தீர்ப்பிட வேண்டாம் என்று ரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலும் அறிவுறுத்துகிறார்.

ஈஸ்டருக்குப் பொதுவான நாள் காணும் முயற்சி இன்றும் தொடர்கிறது, அது நல்லதே. எனினும், அந்த நாள் முடிவாகும்வரை அன்பு காத்திருக்கத் தேவையில்லை. போலிகார்ப்பும் அனிசீட்டஸும் காத்திருக்கவில்லை.