மாசியில் குஞ்சு, ஆனியில் நிழல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2024இல் ஒரு சட்டம் வந்தது. தனிவீட்டுக்காரர் தன் கொல்லையில் ஆறு கோழி வரை வளர்ப்பதை எந்த நகராட்சியும் தடுக்க முடியாது. சேவலை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அதில் கையெழுத்திட்டபோது பலர் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். அடுத்த வருடம் பறவைக் காய்ச்சல் பண்ணைகளைக் காலி செய்ய, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் விலை அந்த நாட்டில் சராசரியாக 6.23 டாலர் ஆனது. அதன்பிறகு கொல்லைக் கோழி வேடிக்கையாக இல்லை.

ஆனால் அந்த மாநிலத்தின் தலைநகரான ஃபீனிக்ஸ், சோனோரன் பாலைவனத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர். 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவில்லை. பகலாவது பரவாயில்லை, கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் கக்குகின்றன. அதே கோடையில் 16 நாள் தொடர்ச்சியாக இரவு வெப்பமும் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பகலில் பட்ட பாட்டை இரவில் ஆற்றிக்கொள்ளலாம் என்ற ஆறுதல்கூட அந்த ஊர்க் கோழிக்குக் கிடையாது.

கோழி வெப்பநாட்டுப் பறவைதானே, அதற்கென்ன என்று நமக்குத் தோன்றும். அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி தென்கிழக்கு ஆசியாவின் மூங்கில் புதர்களிலும் மரத்தடிகளிலும் சருகைக் கிளறித் திரிந்த பறவை. வெக்கை அதற்குப் பழக்கம், வெட்டவெளி பழக்கமில்லை. அந்த ஊரில் கோழியைப் பிழைக்க வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டவர்கள். கடையில் விற்கும் கருவிகளைவிட நாட்காட்டியையும் கடிகாரத்தையும் அவர்கள் அதிகம் நம்புகிறார்கள். எந்த மாதம் குஞ்சு வாங்குவது, எந்த நேரம் தீனி வைப்பது, எந்த நேரம் கோழியைத் தொந்தரவு செய்யாமல் விடுவது என்பதில்தான் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

குஞ்சிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் ஒருநாள் குஞ்சு தபாலில் வரும். 1918 முதல் அந்த நாட்டு அஞ்சல் துறை இதைச் செய்துகொண்டிருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவருமுன் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு ஊர் ஊராகப் போவது இப்படித்தான். ஜூன் மாதத்து ஃபீனிக்ஸில் அந்தப் பெட்டி ஒரு லாரிக்குள் சில மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே அனுபவசாலிகள் பிப்ரவரி, மார்ச்சில் வாங்குவார்கள். தவறினால் கோடை தணிந்து அக்டோபரில். மாசியில் வந்த குஞ்சு சித்திரை வெயிலுக்குள் முழு இறகு போட்டு, நிழல் தேடவும் தண்ணீர் தேடவும் கற்றுக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு போக வேண்டும். இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் அவை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பாலைவனத்து மார்ச்சில் நடுப்பகல் 27, 28 டிகிரி இருக்கும். விடியற்காலை 10 டிகிரிக்கு இறங்கிவிடும். இரவுக்குத் தேவையான விளக்கைப் பகலிலும் எரியவிட்டால் குஞ்சு வெந்துபோகும். பகலில் அணைத்ததை மாலையில் போட மறந்தால் விறைத்துப்போகும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர். விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கி இறக்கையை அகட்டிக்கொண்டு வாய் திறந்தால் சூடு. பரவி மேய்ந்து, கொறித்து, நினைத்த இடத்தில் விழுந்து தூங்கினால் சரியாக இருக்கிறது. ஒரு பக்கம் சூடும் எதிர்ப்பக்கம் குளிர்ச்சியுமாக நீளமான அடைப்பு வைத்தால், தனக்கு வேண்டிய இடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வறண்ட காற்று குஞ்சை வெகு சீக்கிரம் உலர்த்திவிடும். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகைத் தண்ணீரில் நனைத்துவிட்டு இறக்குவது வழக்கம். பயணக் களைப்பிலும் சூட்டிலும் எச்சம் பின்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து, போக வழியில்லாமல் சில குஞ்சுகள் செத்துப்போகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். பிய்த்து இழுக்கக் கூடாது. தோலும் கூட வரும்.

வளர்ந்த கோழிக்குத்தான் கோடை உண்மையான எமன். குஞ்சைவிடப் பருத்த கோழிதான் முதலில் விழும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டியிருக்கும். காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை கொண்டை வழியாகவும் தாடி வழியாகவும் சூட்டை வெளியே விடலாம். காற்று 43க்குப் போனால் அந்த வழி அடைபட்டுவிடும். மிஞ்சுவது மூச்சு ஒன்றுதான். அலகைத் திறந்து, தொண்டை துடிக்க இரைக்கும். தொண்டை ஈரம் ஆவியாகும்போது கொஞ்சம் சூடும் வெளியேறும்.

இந்த இரைப்புக்கு முட்டையில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் கழிந்துபோகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அந்த வாயுவிலிருந்துதான் வர வேண்டும். அதனால் கிளிஞ்சலை எவ்வளவு கொட்டினாலும் கோடையில் ஓடு மெல்லியதாகவே வரும். சில நாள் தோல்முட்டை விழும். பண்ணைக்காரர்கள் தண்ணீரிலோ தீனியிலோ கொஞ்சம் ஆப்பசோடா கலப்பது இதற்காகத்தான். ஜூலையில் முட்டை நின்றால் சத்துமருந்து வாங்க ஓடுவதைவிட, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பு முட்டையை ஒத்திவைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டு சும்மா இருப்பது நல்லது.

கூண்டு விஷயத்தில்தான் புதியவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். பொம்மை வீடு மாதிரி நான்கு பக்கமும் பலகை அடித்து, சின்ன ஜன்னல் வைத்து விற்கும் கூண்டுகள் பனி பெய்யும் ஊர்களுக்காகச் செய்தவை. பாலைவனத்தில் அது அடுப்பு. அங்கே வேண்டியது கூரையும் கம்பிவலையும்; மேற்கு வெயில் விழும் பக்கம் மட்டும் மறைப்பு. நாமக்கல் பண்ணைக் கொட்டகைகளைக் கிழமேற்காக நீட்டிக் கட்டுவதும் இதே கணக்கில்தான்: நீளமான பக்கத்தில் வெயில் நேராக அடிக்கக் கூடாது. தகரக் கூரை என்றால் அதற்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு நிழல்வலை கட்ட வேண்டும். ஒட்டிக் கட்டினால் பயனில்லை.

இதையெல்லாம்விட மேலானது மரம். அந்தப் பாலைவனத்தின் சொந்த மரம் மெஸ்கீட்; நம்மூர்க் கண்மாய்களை விழுங்கிய சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. இங்கே நாம் வெட்டி மாளாத மரக் குடும்பம், அங்கே கோழிக்கு நிழல்கொடுத்து நல்ல பெயர் வாங்குகிறது. அரளி வேலி அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அதன் ஒவ்வொரு பாகமும் விஷம் என்பதால் கோழி திரியும் பக்கம் அது இருக்கக் கூடாது.

பனிமூட்டம்போல் நீர் தெளிக்கும் குழாய்கள் அந்த ஊரில் பிரசித்தம். காற்றில் ஈரம் இல்லாதவரை அவை அற்புதமாக வேலை செய்யும். பத்து டிகிரிகூடக் குறையும். ஜூலையில் பருவமழைக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்ததும் அதே குழாய், சூட்டைக் குறைக்காமல் புழுக்கத்தைக் கூட்டும். கடினநீரின் உப்பு நுண்துளைகளை அடைப்பது தனிக் கதை. அதைவிட மோசமானது கீழே சேரும் சேறு. ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான கிருமி ஈரக் கூளத்தில்தான் பெருகும். உலர்ந்த மண் பாலைவனம் கோழிக்குச் சும்மா கொடுக்கும் மருந்து. அதை நாமே நனைத்துக் கெடுத்துக்கொள்வதை என்னவென்று சொல்வது! பழைய பேட்டைகளில் இன்னும் கால்வாய்த் தண்ணீரைத் திறந்து தோட்டம் முழுக்கப் பாய்ச்சும் வழக்கம் உண்டு. தண்ணீர் வடிந்ததும் புழு பூச்சிக்குக் கோழிகள் பாயும். பெரிய கோழி தாங்கும். இளங்குஞ்சை ஓரிரு நாள் அடைத்து வைப்பதே உத்தமம்.

தண்ணீரைத் தெளிப்பதைவிடக் குடிக்க வைப்பதில்தான் கவனம் வேண்டும். சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி கடும் வெயிலில் இரண்டு பங்கு குடிக்கும், ஆனால் சுடுதண்ணீரை அலகால் தொட்டுப் பார்த்து விலகிவிடும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் தோலைச் சுடும் அளவுக்கு இருக்கும். அதைக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். நிழலில் நாலு இடத்தில் பாத்திரம், உறையவைத்த பாட்டில் ஒன்று அதில் மிதக்க, கால் நனையும் ஆழத்தில் ஒரு தட்டு. தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்தும் வைத்தால் போதும். செரிமானமே உடம்பில் சூட்டை உண்டாக்கும் வேலை. மக்காச்சோளம் சூடு என்று ஒரு பேச்சு அந்த ஊரிலும் உண்டு. உண்மையில் செரிக்கும்போது அதிகச் சூடு தருவது புரதம்.

கொண்டை வெளுத்து, இறக்கை தொங்கி, நிற்கத் தடுமாறும் கோழியைக் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அதிர்ச்சி தாங்காது.

பூச்சிகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கருமிளகைத் தூவியதுபோல் கொத்தாக ஒட்டும் தெள்ளு ஒன்று. வாசலின் தடவி மூச்சடைக்க வைப்பார்கள். மற்றொன்று பகலெல்லாம் பலகை இடுக்கில் பதுங்கி ராத்திரியில் ரத்தம் குடிக்கும் கோழி உண்ணி. காலையில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டியபின் டார்ச்சோடு போக வேண்டும். பூச்சிக்கு அப்பால் தொற்றுநோயும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் 2002, 2003இல் கலிஃபோர்னியாவில் பரவி அரிசோனா வரை எட்டியபோது லட்சக்கணக்கான பறவைகளைக் கொன்றுதான் அடக்கினார்கள். புதிதாக வாங்கிய கோழியை ஒரு மாதம் தனியே வைப்பது ஆறு கோழிக்காரருக்கும் பொருந்தும்.

எந்தக் கோழி என்று கேட்டால், எடை குறைந்து கொண்டை பெரிதாக உள்ள லெகார்ன், எகிப்தின் ஃபயூமி, கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்து ரகம் என்பேன். பஞ்சுமூட்டைபோல் இறகடர்ந்த குளிர்நாட்டு ரகங்கள் படத்தில் அழகு. அவற்றுக்குத்தான் அங்கே கிராக்கி அதிகம்; ஜூலையில் முதலில் விழுவதும் பெரும்பாலும் அவைதான்.