எழுதுமுன் திட்டமிடல் : மும்பைத் தமிழ்வழி வகுப்பறையை முன்வைத்து

மும்பை மாநகராட்சி எட்டுப் பயிற்றுமொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. தாராவியில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் பலர் வீட்டில் நெல்லை வழக்கையும் தெருவில் இந்தியையும் கேட்டு வளர்பவர். பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் கற்பவர். கட்டுரை எழுத அமரும் இம்மாணவர் கருத்தைத் தேடல், வரிசைப்படுத்தல், பேச்சு வடிவை எழுத்து வடிவாக்கல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்ய வேண்டியுள்ளது. இச்சுமையைப் பிரித்துத் தருவதே எழுதுமுன் திட்டமிடலின் பயனாகும்.

எழுதுதலைத் திட்டமிடல், மொழிப்படுத்தல், மீள்நோக்கல் என ஹேய்சும் பிளவரும் 1980-இல் பகுத்துக் காட்டினர். பயிற்சியற்றோர் நினைவுக்கு வந்ததை வந்தவாறே எழுதிச் செல்வர் எனப் பெரெய்ட்டரும் ஸ்கார்டமாலியாவும் 1987-இல் விளக்கினர்.

தமிழ் மரபும் இதனை அறியாததன்று. நன்னூற் பாயிரம் சுட்டும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகியவை சொற்பிழைகள் அல்ல. பெரிதும் திட்டமின்மையால் நேர்வன. எழுத்துப்பிழைகளை மட்டும் சிவப்பு மையால் திருத்துவதால் இவை நீங்கா. பத்து அழகுகளுள் 'முறையின் வைப்பு' இடம்பெறுவதும் கருதத்தக்கது.

'மழைக்காலத்தில் எங்கள் தெரு' என்பது தலைப்பாயின், மாணவர் முதலில் தாம் கண்டவற்றைப் பேச்சுவழக்கிலேயே குறித்துக்கொள்ளலாம்: 'சாக்கடை அடச்சுக்கிச்சு', 'வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு', 'புஸ்தகம் நனஞ்சுபோச்சு'. இந்நிலையில் மொழித்திருத்தம் கூடாது. அடுத்து, யாருக்காக எழுதுகிறோம் என முடிவு செய்தல் வேண்டும். ஊரிலுள்ள பாட்டிக்கு எழுதும் மடலாயின் நனைந்த புத்தகம் முன்னிற்கும். மாநகராட்சிக்கு எழுதும் விண்ணப்பமாயின் அடைபட்ட சாக்கடை முன்னிற்கும். அதற்கேற்பக் குறிப்புகளுக்கு எண்ணிட்டு, வேண்டாதவற்றை நீக்கிய பின்னரே எழுத்துவழக்கில் வரைதல் தொடங்கும். அதே குறிப்புகள் மராத்தியில் விண்ணப்பம் வரையவும் உதவும்.

தேர்வு வினாக்களில் குறிப்புகளை ஆசிரியரே தந்துவிடுவது வழக்கம். முன்னுரை, முடிவுரை எனும் சட்டகமும் ஆயத்தமாகக் கிடைக்கிறது. இவை விடையை ஒழுங்குபடுத்துமேயன்றித் திட்டமிடலைக் கற்பிப்பதில்லை. தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் மாணவர் செயலாதல் வேண்டும். எழுதும்போது புதுக்கருத்துத் தோன்றின் திட்டத்தை மாற்றும் உரிமையும் அவர்க்கு உண்டு.

எழுத்துவழக்குக் கைவராத காரணத்தால், சொல்வதற்குச் செய்தியே இல்லாதவர் என ஒரு மாணவர் கருதப்படுதல் பெரும் இழப்பு. திட்டத்தாளைப் பார்க்கும் ஆசிரியர் அவர்தம் சிந்தனையை மொழிப்பிழையினின்றும் பிரித்தறிய இயலும். ஆகவே, கட்டுரைக்கு மட்டுமன்றித் திட்டத்தாளுக்கும் மதிப்பெண் வழங்குதல் தக்கதாம்.