வானம் வெளுத்திருந்தாலும் வெள்ளம் வரும்

ஓடைப்பட்டியில ஒரு சொட்டு மழை இருக்காது. ஆனா மேகமலைப் பக்கம் பெய்திருந்தா, சுருளி அருவியில குளிக்க வனத்துறை தடை போட்டுடும். பார்த்திருப்பீங்க. அமெரிக்கப் பாலைவனக் கேன்யன்களில் ட்ரெக்கிங் போக ஆசையா? அங்கேயும் இதே கணக்குதான், ஆனா இன்னும் மோசம்.

வெறும் பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரை உறிஞ்சாது. எங்கோ பெய்த மழை அப்படியே இடுக்குக்குள் இறங்கும், அகலம் சுருங்கச் சுருங்க வேகமும் உயரமும் எகிறும் (செமஸ்டருக்குப் படிச்ச கன்டின்யூட்டி ஈக்வேஷனேதான்!). 1997 ஆகஸ்ட் 12-ல் அரிசோனாவின் ஆன்டெலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. கொட்டியது சில மைல்களுக்கு மேலே.

ஸயான் தேசியப் பூங்காவில் வெள்ள எச்சரிக்கை வந்தால் நேரோஸ் பாதையையே மூடிடுவாங்க. உள்ளே இருக்கும்போது தண்ணி திடீர்னு கலங்கினா, குச்சி மிதந்து வந்தா, பையைத் தேடாம மேடேறுங்க.